செய்தித்தாள் கேலிச்சித்திரத்தில் சாம்பல் நிறம்: புள்ளிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் செய்தித்தாள்களின் படக்கதைப் பட்டைகளையும் அரசியல் கேலிச்சித்திரங்களையும் கூர்ந்து பார்ப்பவர்கள், அதே பாணியில் வரைந்து அச்சுக்குக் கொடுப்பவர்கள், பழைய இதழ்களை ஸ்கேன் செய்பவர்கள் ஆகிய மூன்று தரப்பும் கேட்பவை இங்கே உள்ளன. பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்: புள்ளியை வைப்பது ஓவியரா, அச்சகமா? இருவரில் ஒருவர்தான் வைக்க வேண்டும். இருவரும் வைத்தால் படம் கெடும்.

சாம்பல் வேண்டுமென்றால் சாம்பல் மையிலேயே அச்சிட்டால் என்ன?

அச்சிடலாம். அதற்குத் தனிப் பிளேட் (அச்சுத் தகடு), தனி மை, எந்திரத்தில் இன்னொரு யூனிட் எல்லாம் வேண்டும். செய்தி, தலைப்பு, கேலிச்சித்திரம் எல்லாமே ஒரே பக்கத்தில், ஒரே ஓட்டத்தில், ஒரே கறுப்பு மையில் விழுகின்றன. அச்சு எந்திரத்தைப் பொறுத்தவரை ஓர் இடத்தில் மை உண்டு, அல்லது இல்லை. மையைப் பாதி அடர்த்தியில் வைக்க, மேடான அச்சால் அழுத்தும் லெட்டர்பிரஸ்ஸுக்கும் தெரியாது, தட்டையான பிளேட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாக மையேற்றும் ஆஃப்செட்டுக்கும் தெரியாது. உருளையில் பொறித்த குழிகளில் மை நிரப்பும் கிராவூர் முறையில் குழியின் ஆழத்துக்கேற்ப மையின் கனம் மாறும். ஆனால் நாளிதழ் அதில் அச்சாவது அரிது.

அடர்த்தியை மாற்ற முடியாததால் மை மூடும் பரப்பை மாற்றுகிறார்கள். 100 சதுர மில்லிமீட்டர் தாளில் 20 சதுர மில்லிமீட்டரைச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளால் மூடினால் அது 20 சதவீத டின்ட். ஒவ்வொரு புள்ளியும் முழுக் கறுப்பு, இடைவெளி முழுக்கத் தாளின் நிறம். இரண்டையும் கலந்து சாம்பலாக்குவது கண்.

கண் எவ்வளவு தூரத்தில் ஏமாறுகிறது?

ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசை என்பதுதான் ஸ்கிரீன் எண். 85 ஸ்கிரீன் என்றால் இரு புள்ளிகளின் மையங்களுக்கு இடையே சுமார் 0.3 மி.மீ. தாளை 40 செ.மீ. தூரத்தில் பிடித்தால் பார்வையின் ஒரு பாகைக்குள் 7 மி.மீ. அகலம் அடங்கும், அதில் 23 வரிசைகள் இருக்கும். நல்ல வெளிச்சத்தில், நல்ல கண் ஒரு பாகைக்குள் 60 கறுப்பு வெள்ளைச் சோடிகள் வரை பிரித்தறியும். ஆகவே படிக்கும் தூரத்தில் புள்ளிகள் உண்மையில் மறைவதில்லை. அவை முழுக்கக் கரைய ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

படிக்கும் தூரத்தில் நடப்பது வேறு. புள்ளிகள் ஒழுங்காக, சலனமில்லாமல் இருப்பதால் கவனம் அவற்றின் மேல் நிற்பதில்லை. முகத்துக்கும் வசனத்துக்கும் போய்விடுகிறது. ஒரே ஒரு புள்ளி கோணலாகவோ பெரிதாகவோ இருந்தால் உடனே கண்ணில் குத்தும். ஒழுங்கின்மைதான் எதிரி, புள்ளியின் அளவு அல்ல.

பென்டே புள்ளியும் ஹாஃப்டோனும் ஒன்றுதானே?

இல்லை. பென்டே டின்ட்டில் ஒரு பரப்பில் உள்ள எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. தட்டையான, ஒரே சீரான சாம்பல்தான் கிடைக்கும். ஹாஃப்டோனில் புள்ளியின் அளவு இடத்துக்கு இடம் மாறும். நிழலில் பெரிது, வெளிச்சத்தில் சிறிது. அதனால்தான் புகைப்படத்தின் படிப்படியான சாயல் மாற்றம் அதில் வருகிறது.

வரலாறும் வேறு. பென்டே என்ற பெயர் பெஞ்சமின் ஹென்றி டே (இளையவர்) என்பவருடையது. நியூயார்க் 'சன்' நாளிதழை 1833-இல் தொடங்கியவரின் மகன். தன் முறைக்கு 1879-இல் காப்புரிமை பெற்றார். ஹாஃப்டோன் பல கைகளில் வளர்ந்தது. நியூயார்க் 'டெய்லி கிராஃபிக்' 1880 மார்ச் 4 அன்று ஸ்டீபன் ஹோர்கன் தயாரித்த ஹாஃப்டோன் புகைப்படத்தை வெளியிட்டது. ஜெர்மனியில் மைசன்பாக் 1882-இல் காப்புரிமை பெற்றார். குறுக்குக் கோடுகள் பொறித்த கண்ணாடித் திரையை ஃபிலடெல்ஃபியாவின் லெவி சகோதரர்கள் வணிக அளவில் செய்து கொடுத்தார்கள். திரையும் லென்ஸின் துளையும் சேர்ந்து புள்ளியின் வடிவத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதைக் கணக்குப்போட்டு எழுதியவர்களில் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராயும் ஒருவர். 1897 முதல் லண்டன் 'பென்ரோஸ் ஆண்டு மலரில்' அவர் கட்டுரைகள் வந்தன. சத்யஜித் ராயின் தாத்தா என்று மட்டுமே அவரைத் தெரிந்துவைத்திருப்பது கொஞ்சம் அநியாயம்.

கேலிச்சித்திரத்துக்கு இந்த வேறுபாடு முக்கியம். கறுப்புக் கோட்டுப் படத்தை ஹாஃப்டோன் திரை வழியாகப் படமெடுத்தால் வெள்ளைப் பின்புலத்திலும் பொடிப் புள்ளி விழும், கோட்டின் விளிம்பு ரம்பம்போல் ஆகும். அதனால்தான் நம் ஊர் அச்சகங்களிலும் கோட்டுப் படத்துக்கு லைன் பிளாக் (திரையில்லாமல் கோட்டை மட்டும் அரித்த அச்சுத் தகடு), புகைப்படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக் என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

பென்டே டின்ட்டை யார், எப்படி வைத்தார்கள்?

பிளாக் செய்பவர் வைத்தார். ஓவியர் கறுப்பு மையில் கோடுகளை மட்டும் போட்டு, டின்ட் வர வேண்டிய இடத்தில் வெளிர்நீலப் பென்சிலாலோ நீர்த்த நீலச் சாயத்தாலோ தடவி, ஓரத்தில் குறிப்பு எழுதுவார். அன்றைய பிளாக் கேமராவின் படலம் நீல ஒளிக்குக் கூர்மையானது. வெளிர்நீலம் அதற்கு வெள்ளையாகவே தெரியும். அதனால் குறிப்பு அச்சில் விழாது.

கோட்டுப் படம் துத்தநாகத் தகட்டில் ஏறியதும், டின்ட் வேண்டாத பரப்பு முழுவதையும் கேம்போஜ் எனும் மஞ்சள் பிசினால் மூடுவார்கள். பிறகு சட்டத்தில் இழுத்துக் கட்டிய, ஒரு முகத்தில் மேடான புள்ளிகள் கொண்ட ஒளி ஊடுருவும் படலத்தில் மை உருட்டி, தகட்டின் மேல் இறக்கி, முதுகுப்பக்கம் உருளையாலோ தேய்ப்பானாலோ அழுத்துவார்கள். புள்ளிகள் தகட்டில் ஒட்டும். தகட்டைக் கழுவினால் பிசினோடு அதன் மேல் விழுந்த புள்ளிகளும் போய்விடும். சாம்பல் இன்னும் அடர்த்தியாக வேண்டுமென்றால் சட்டத்தின் நுண்திருகால் படலத்தை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி அழுத்துவார்கள். புள்ளி நீளும், பருக்கும்.

அடுத்தது நைட்ரிக் அமிலம். அமிலம் கீழ்நோக்கி மட்டும் அரிக்காது, பக்கவாட்டிலும் அரிக்கும். சின்னப் புள்ளியின் அடிப்பகுதி கரைந்து, காளான்போல் தலை மட்டும் நின்று, அச்சின் அழுத்தத்தில் உடைந்துவிடும். இதைத் தடுக்க டிராகன்ஸ் பிளட் எனும் சிவப்புப் பிசின் பொடியை நான்கு திசைகளிலிருந்தும் தூரிகையால் ஒதுக்கி, சூடுகாட்டி உருக்கி, புள்ளிகளின் பக்கச் சுவர்களைக் காத்துக்கொண்டே பல கட்டங்களாக அரித்தார்கள். பழைய பட்டைகளில் வெளிர் டின்ட் அங்கங்கே பொத்தலாக இருந்தால் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் நேர்ந்த கோளாறுதான்.

ஓவியரே புள்ளியை ஒட்டும் டோன் ஷீட் எப்போது வந்தது? எப்படி ஒட்டுவது?

1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜிப்-ஏ-டோன் பரவியது. பின்னாளில் பிரிட்டனின் லெட்ராடோன் உலகெங்கும் போனது. ஒளி ஊடுருவும் மெல்லிய படலத்தில் புள்ளிகள் அச்சாகியிருக்கும், பின்புறம் மெழுகுப் பசை. ஜப்பானிய மாங்கா உலகில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது.

முதலில் பென்சில் கோடுகளை முழுக்க அழியுங்கள். படலத்துக்கு அடியில் மாட்டிய பென்சில் கரியைப் பிறகு அழிக்க வழியே இல்லை, கேமராவோ ஸ்கேனரோ அதைக் கறையாகக் காட்டும். மை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். தாளின் மேல் உள்ள தூசு, ரப்பர் துகள் எல்லாவற்றையும் மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். வேண்டிய பரப்பைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகப் பின்தாளோடு வெட்டி, ஒரு முனையில் மட்டும் பின்தாளை உரித்து, அந்த முனையிலிருந்து மெதுவாகப் படியவையுங்கள். இப்போதே அழுத்தித் தேய்க்கக் கூடாது.

புதிய பிளேடால், எழுதுகோலின் எடை அளவுக்கே அழுத்தி, மைக்கோட்டின் நடுவில் வெட்டுங்கள். கோட்டின் உள்விளிம்பில் வெட்டினால் வெள்ளை இழை தெரியும். வெளிவிளிம்பில் வெட்டினால் சாம்பல் வெளியே கசியும். கோட்டின் கனத்துக்குள் வெட்டினால் இரண்டும் மறையும். டோன் போடும் ஓவியர்கள் வெளிக்கோட்டைச் சற்றுத் தடிமனாகப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உபரியை உரித்தெடுத்துவிட்டு, மேலே டிரேசிங் தாளை வைத்து, எலும்புத் தகட்டாலோ கரண்டியின் முதுகாலோ நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். டிரேசிங் தாள் இல்லாமல் தேய்த்தால் புள்ளிகளே சுரண்டிக்கொண்டு வரும். (வேண்டுமென்றே சுரண்டி மேகம், ஒளிக்கீற்று வரைவதும் ஒரு கலைதான்.)

காற்றுக்குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி அமுக்குங்கள். விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் படமெடுக்கும்போது அதன் நிழல் மெல்லிய கோடாக விழும். பிளேடு தாளையே கீறியிருந்தால் அந்தக் கீறலில் மை புகுந்து அதுவும் கோடாகும்.

எத்தனை ஸ்கிரீன், எத்தனை சதவீதம் தேர்ந்தெடுப்பது?

கடையில் ஷீட் வாங்கும்போது இரண்டு எண்கள்: ஸ்கிரீன், சதவீதம். படத்தைச் சிறிதாக்கும்போது முதலாவது மாறும், இரண்டாவது மாறாது. மூலப்படம் அச்சின் இருமடங்கு பெரிதென்றால் 42.5 ஸ்கிரீன் ஷீட் அச்சில் 85 ஆகும். 20 சதவீதம் 20 சதவீதமாகவே இருக்கும். ஒன்றரை மடங்கு மூலத்துக்கு 55 ஸ்கிரீன் ஷீட் எடுத்தால் அச்சில் 82.5.

புதியவர்கள் செய்யும் தவறு, மூலத்தில் அழகாகத் தெரிகிறதென்று 85 ஸ்கிரீன் ஷீட்டை ஒட்டுவது. பாதியாகச் சிறுத்தால் அது 170. நாளிதழ் தாளான நியூஸ்பிரின்ட்டில் 170 ஸ்கிரீன் சேறாகிவிடும். லெட்டர்பிரஸ் நாளிதழ்கள் ஏறத்தாழ 55 முதல் 85 வரை வைத்துக்கொண்டன. ஆஃப்செட் நாளிதழ்கள் 85 முதல் 100 வரை. வழவழப்பான தாளில் அச்சாகும் வார இதழ்கள் 133, 150 என்று போகும்.

சதவீதத்தில் 10, 20, 40 என்று மூன்று போதும். நியூஸ்பிரின்ட் முழு வெள்ளையும் இல்லை, அதில் விழும் கறுப்பு முழுக் கறுப்பும் இல்லை. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் ஐந்தாறு சாம்பல்களை நுழைத்தால் எதுவும் பிரிந்து தெரியாது. ஒரு சட்டகத்துக்கு ஒரே சாம்பல் போதுமென்று நிறுத்திக்கொண்ட ஓவியர்களின் பட்டைகள்தான் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன.

20 சதவீதம் என்று கொடுத்தேன். அச்சில் 35 போலத் தெரிகிறதே?

அச்சகத்தின் அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. நியூஸ்பிரின்ட் பூச்சில்லாத, மை உறிஞ்சும் தாள். ஒவ்வொரு புள்ளியின் விளிம்பும் கொஞ்சம் பரவும். புள்ளி வீக்கம் என்பது இதுதான். தாளுக்குள் ஒளி சிதறிப் புள்ளியின் அடியில் மாட்டிக்கொள்வதும் சாம்பலை மேலும் இருட்டாக்கும்.

கணக்குப்போட்டால் காரணம் தெளிவாகும். மை எல்லாப் பக்கமும் 0.02 மி.மீ. பரவுகிறது என்று வையுங்கள். 65 ஸ்கிரீனில் 20 சதவீதப் புள்ளியின் விட்டம் 0.197 மி.மீ.; பரவியபின் 0.237, பரப்பு 29 சதவீதமாகிறது. 85 ஸ்கிரீனில் 0.151 மி.மீ. புள்ளி 0.191 ஆகி, 32 சதவீதம். 150 ஸ்கிரீனில் அதே 20 சதவீதம் 43-க்குப் போய்விடும். பரவும் அளவு ஒன்றுதான். புள்ளி சிறிதாக ஆக, விளிம்பின் பங்கு கூடுகிறது. நாளிதழ்கள் கரடுமுரடான ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டிருப்பது பழமைவாதத்தால் அல்ல.

நாளிதழ் ஆஃப்செட்டுக்கான சர்வதேசத் தரம் (ஐஎஸ்ஓ 12647-3) 50 சதவீதப் புள்ளிக்கு 26 சதவீத வீக்கத்தை எதிர்பார்க்கிறது. அதாவது 50 கொடுத்தால் 76 போல விழும். வீக்கம் நடுச்சாயலில்தான் மிகுதி. கண்ணுக்கு 40 போலத் தெரிய வேண்டுமென்றால் கோப்பில் ஏறத்தாழ 22 கொடுங்கள். அச்சகம் பிளேட் எடுக்கும்போதே வீக்கத்தைக் கழிக்கும் வளைவு போடுகிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நீங்களும் கழித்து அவர்களும் கழித்தால் படம் வெளிறிவிடும்.

இரண்டு முனைகளிலும் எச்சரிக்கை வேண்டும். 3 முதல் 5 சதவீதத்துக்குக் கீழே புள்ளி சீராகப் பிடிக்காது. 85-க்கு மேலே இடைவெளிகள் அடைத்துக்கொண்டு முழுக் கறுப்பாகும். அந்த இடத்தில் நேராகக் கறுப்பே போட்டுவிடலாம்.

புள்ளி வரிசை ஏன் எப்போதும் 45 பாகையில் சாய்ந்திருக்கிறது?

கண் கிடைக்கோட்டையும் நெடுக்குக்கோட்டையும் கூர்மையாகப் பிடிக்கும், சாய்வுக்கோட்டில் அந்தக் கூர்மை குறையும். அதனால் 45 பாகையில் அதே புள்ளிகள் குறைவாகத் தெரிகின்றன. சட்டகத்தின் ஓரக்கோடுகளும் எழுத்துகளும் நேராக இருப்பதால், புள்ளி வரிசையும் நேராக நின்றால் அவற்றோடு மோதும். வண்ண அச்சில் கறுப்புக்கு 45 பாகையை ஒதுக்குவதும் இதனால்தான். மஞ்சள் எவ்வளவு தெரிந்தாலும் கண்ணுக்கு உறைக்காது என்பதால் அதற்கு 0.

இரண்டு டோன் ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் விநோதமான கட்டங்கள் வருகின்றன. ஏன்?

அது மொய்ரே. கொசுவலை இரண்டாக மடிந்து கிடக்கும்போது தெரியும் அலை வடிவமும் இதுதான். இரண்டு ஒழுங்கான வலைகள் சிறு கோண வித்தியாசத்தில் படியும்போது புள்ளிகள் ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்றும், அடுத்த இடத்தில் இடைவெளியை நிரப்பியும் விழுகின்றன. அந்த மாறுதலே பெரிய கட்டமாகத் தெரியும்.

கோணம் குறையக் குறையக் கட்டம் பெரிதாகும். 60 ஸ்கிரீன் ஷீட்டுகள் இரண்டை 5 பாகை விலக்கி ஒட்டினால் கட்டத்தின் அகலம் சுமார் 5 மி.மீ.; யார் கண்ணுக்கும் தப்பாது. 30 பாகை விலக்கினால் 0.8 மி.மீ.; அது சின்னப் பூவேலைபோல் சுருங்கி அடங்கிவிடும். 20 சதவீதத்தின் மேல் 20 சதவீதம் இப்படி விழுந்தால் கிடைப்பது 40 அல்ல, 36. சில புள்ளிகள் ஒன்றையொன்று மறைக்கின்றன. ஒரே கோணத்தில் கச்சிதமாக வைத்து அரைப்புள்ளி நகர்த்தினால் மொய்ரே இல்லாமல் 40 கிடைக்கும். ஆனால் பெரிய பரப்பில் கை அவ்வளவு கச்சிதமாக நிற்காது. 40 வேண்டுமென்றால் 40 சதவீத ஷீட்டையே வாங்குங்கள்.

அமெரிக்கப் படக்கதை ஓவியர் ராய் கிரேனின் பட்டைகளில் வரும் இரட்டைச் சாம்பல் எப்படி வந்தது?

கிளீவ்லண்டில் இருந்த கிராஃப்டின்ட் நிறுவனத்தின் டபிள்டோன் அட்டையில். 1943-இல் தொடங்கிய 'பஸ் சாயர்' தொடரில் கடலும் காடும் புகைமூட்டமும் வரைய அவர் இதை எல்லைவரை கொண்டுபோனார். அட்டையில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வடிவங்கள் முன்பே அச்சாகியிருக்கும். ஒரு ரசாயனத்தைத் தூரிகையால் தடவினால் ஒருபக்கக் கோடுகள் மட்டும் எழும்பும், அது வெளிர்சாம்பல். மற்றொன்றைத் தடவினால் குறுக்குக் கோடுகளும் சேர்ந்து எழும்பும், அது அடர்சாம்பல். தாளின் வெள்ளையும் மையின் கறுப்பும் சேர்த்தால் நான்கு நிலைகள்.

ஷீட்டை வெட்டி ஒட்டும் வேலை இல்லை, தூரிகை போகிற போக்கில் சாம்பல் வரும். அதனால்தான் தினமும் படம் கொடுக்க வேண்டிய அரசியல் கேலிச்சித்திரக்காரர்களுக்கு இது பிடித்தது. கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் இதே வகையான டியோஷேடு அட்டையில் பேட் ஆலிஃபன்ட், ஜெஃப் மக்நெல்லி போன்றோர் ஆண்டுக்கணக்கில் வரைந்தார்கள். மை நீர்புகாததாக இருக்க வேண்டும், இல்லையேல் ரசாயனம் பட்டதும் கலங்கும். இரண்டு ரசாயனத்துக்கும் தனித்தனித் தூரிகை. வெளிர் ரசாயனத்தில் அடர் ரசாயனம் ஒரு துளி கலந்தாலும் சாம்பல் திட்டுத்திட்டாகும். தடவியதும் மையொற்றித் தாளால் உபரியை ஒற்றியெடுங்கள். வடிவம் ஒருமுறை எழும்பினால் அழியாது. தவறினால் வெள்ளை மை பூசி மறைப்பதுதான் வழி.

ஹெர்பர்ட் பிளாக்கின் படங்களில் ஒழுங்கான புள்ளியே இல்லையே, பிறகு அந்தச் சாம்பல்?

'வாஷிங்டன் போஸ்ட்'டில் ஹெர்பிளாக் என்று கையொப்பமிட்ட அவர் கோக்கில் அட்டையில் கொழுப்புக் கிரேயானால் நிழல் போட்டார். அட்டையின் பரப்பு முழுவதும் நுண்ணிய மேடுகள். கிரேயான் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். லேசாகத் தடவினால் மேட்டின் நுனி மட்டும் கறுக்கும், அழுத்தினால் பக்கங்களும். பார்க்கப் பென்சில் நிழல்போல் இருந்தாலும் ஒவ்வொரு துகளும் முழுக் கறுப்பு. அதனால் திரை இல்லாமல் லைன் பிளாக்காகவே எடுக்கலாம். புள்ளிகள் ஒழுங்கற்றவை என்பதால் மொய்ரே தொல்லை குறைவு.

குறை என்னவென்றால், மிக லேசான தடவல் கேமராவில் காணாமல் போகும். படலத்தில் ஒளி சற்றுக் கூடினாலே வெளிர் துகள்கள் தாளோடு கரைந்துவிடும், குறைந்தால் நிழல் அடைத்துக்கொள்ளும். பாதிக்கும் கீழாகச் சிறிதாக்குவதைத் தவிர்ப்பது நல்லது.

என் மூலப்படத்தில் டோன் ஷீட் புள்ளி இருக்கிறது. எப்படி ஸ்கேன் செய்வது?

சாம்பலே இல்லாத 1 பிட் கறுப்பு வெள்ளையில், 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 பிக்சல்), அச்சளவைக் கணக்கிட்டு ஒரே தடவை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

சாம்பல் முறையில் ஸ்கேன் செய்து அனுப்பினால் அச்சகத்தில் கோப்பைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருள் அதைப் புகைப்படமாக எண்ணித் தன் திரையைப் போடும். உங்கள் 60 ஸ்கிரீன் புள்ளியின் மேல் அவர்களின் 100 ஸ்கிரீன் புள்ளி. விளைவு, பட்டை பட்டையாக மொய்ரே. கணினித் திரையில் பார்க்கும்போது இது தெரியாது. காலையில் இதழைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

எந்த வெளிச்ச அளவுக்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பாகும் என்ற இருட்டு எல்லையை 50 சதவீதத்தில் தொடங்கி, வெளிர் டின்ட்டை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் விடுபட்டால் எல்லையை உயர்த்துங்கள். பக்கத்துப் புள்ளிகள் ஒட்டினால் தாழ்த்துங்கள். 1 பிட் கோப்பை அதன்பிறகு 93 சதவீதம், 87 சதவீதம் என்று சுருக்கவே கூடாது. சில வரிசைகளில் புள்ளி ஒரு பிக்சல் பெரிதும், சிலவற்றில் சிறிதுமாகி, துணி நெசவுபோன்ற கோடுகள் வரும். அளவு மாற வேண்டுமென்றால் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். சேமிப்பது டிஃப் வடிவில். ஜேபெக் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அழுக்கைப் பூசும்.

கணினியிலேயே வரைகிறேன். புள்ளியை நான் போடலாமா, அச்சகத்திடம் விடலாமா?

புள்ளி கண்ணுக்குத் தெரிந்து பழைய நாளிதழ் தோற்றம் வேண்டுமென்றால் நீங்கள் போடுங்கள். சாம்பல் மட்டும் போதுமென்றால் அச்சகத்திடம் விடுங்கள்.

நீங்களே போடும்போது கோட்டு அடுக்கும் சாம்பல் அடுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். சாம்பல் அடுக்கை மட்டும் ஃபோட்டோஷாப்பில் பிட்மேப் முறைக்கு மாற்றி ஹாஃப்டோன் ஸ்கிரீனைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கிரீன் எண், கோணம், வடிவம் மூன்றையும் கேட்கும். கிளிப் ஸ்டூடியோ என்ற வரைமென்பொருளில் டோன் அடுக்கு தனியாகவே உண்டு. 45 பாகையில் புள்ளிகள் பிக்சல் கட்டத்தில் கச்சிதமாக உட்கார வேண்டுமென்றால் முழு எண்ணைவிட இந்த எண்கள் நல்லவை: 600 அல்லது 1200 டிபிஐ-யில் 60.6 ஸ்கிரீன், 1200-இல் 84.85. முதலாவதில் அடுத்த புள்ளி 600 டிபிஐ-யில் சரியாக 7 பிக்சல் வலமும் 7 பிக்சல் கீழும் விழும், 1200-இல் 14; இரண்டாவதில் 10. வெறும் 60 என்றோ 85 என்றோ கொடுத்தால் பின்னம் மிஞ்சி, சில மென்பொருளில் புள்ளிகள் தாளம் தப்பும். கோட்டிலும் புள்ளியிலும், விளிம்பில் சாம்பல் பிக்சல்களைச் சேர்க்கும் விளிம்பு மழுப்பல் அணைந்திருக்க வேண்டும்.

அச்சகத்திடம் விடும்போது கோட்டை 1 பிட் 1200 டிபிஐ-யாகவும், சாம்பலைக் கறுப்பு மையின் டின்ட்டாக மட்டும் கீழடுக்கிலும் வையுங்கள். கோட்டையும் சேர்த்து 200 டிபிஐ சாம்பல் படமாக அனுப்பினால் கோட்டின் விளிம்பிலும் திரை விழுந்து ரம்பமாகும். கணினித் திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கோப்பாக அனுப்பினால் கறுப்பு நான்கு மைகளாகப் பிரிந்து, தாள் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோட்டுக்குப் பக்கத்தில் நீலமும் சிவப்பும் எட்டிப்பார்க்கும். பிடிஎஃப் எடுக்கும்போது 1 பிட் படங்களுக்கான தரக்குறைப்பை அணைத்துவிடுங்கள்.

வீட்டு லேசர் பிரின்டரில் சாம்பல் ஏன் படிக்கட்டாக வருகிறது?

ஒரு புள்ளியை உருவாக்கக் கிடைக்கும் சின்னக் கட்டங்கள் குறைவு. டிபிஐ-யை ஸ்கிரீன் எண்ணால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்று கூட்டினால் கிடைக்கும் சாம்பல் நிலைகள் தெரியும். 600 டிபிஐ-யில் 85 ஸ்கிரீன்: ஏறத்தாழ 50 நிலைகள். 1270 டிபிஐ பிளேட்டில் 100 ஸ்கிரீன்: சுமார் 160. தட்டையான டின்ட்டுக்கு 50 தாராளம். படிப்படியாக மங்கும் வானத்துக்குப் போதாது.

பழைய இதழில் அச்சான கேலிச்சித்திரத்தை இணையத்தில் போட்டால் புள்ளிகள் நெளிகின்றன. என்ன செய்ய?

இங்கே கணினித் திரையின் பிக்சல்தான் இரண்டாவது வலை. 600 டிபிஐ சாம்பலில் ஸ்கேன் செய்யுங்கள். 85 ஸ்கிரீன் என்றால் புள்ளி இடைவெளி 7 பிக்சல்; அதில் பாதி, அதாவது 3 முதல் 4 பிக்சல் ஆரத்துக்கு காஸியன் மழுப்பல் கொடுத்தால் புள்ளிகள் உருகிச் சீரான சாம்பலாகும். அதன்பிறகே சுருக்க வேண்டும். மழுப்பாமல் முதலிலேயே சுருக்கினால் மொய்ரே படத்தோடு பதிந்துவிடும், பிறகு எதாலும் எடுக்க முடியாது. கோடுகளும் சேர்ந்து மழுங்குவதால் மழுப்பாத நகலிலிருந்து கறுப்புக் கோடுகளை மட்டும் தனியே எடுத்து மேலே வையுங்கள். ஆவணமாகப் பாதுகாப்பது நோக்கமென்றால் மழுப்பாத மூலக்கோப்பையும் வைத்திருங்கள். புள்ளிதான் அந்த இதழ் எப்படி அச்சானது என்பதன் சாட்சி.

கையில் உள்ள துணுக்கில் எந்த முறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

10 மடங்கு லென்ஸ் போதும். புள்ளிகள் எல்லாம் ஒரே அளவாக இருந்து, மைக்கோட்டின் விளிம்பு வழவழப்பாக இருந்தால் பென்டே அல்லது டோன் ஷீட். இரண்டையும் அச்சில் பிரித்தறிவது கடினம்; மூலப்படம் கிடைத்தால் படலத்தின் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். புள்ளிகளின் அளவு மாறி, கோட்டின் விளிம்பும் புள்ளியாகச் சிதறியிருந்தால் ஹாஃப்டோன். இணைகோடுகளும் அவற்றை வெட்டும் குறுக்குக் கோடுகளும் எந்திரத்தனமான ஒழுங்கோடு, ஆனால் தூரிகை ஓட்டம்போன்ற எல்லைகளோடு இருந்தால் டபிள்டோன். ஒழுங்கற்ற மணல் துகள்கள் என்றால் கிரேயான், அல்லது பல்துலக்கும் பிரஷ்ஷால் மையைத் தெறித்தது. தெறிப்பில் துகள்கள் வட்டமாகவும் அளவில் பலவிதமாகவும் இருக்கும்.

ஸ்கிரீன் எண் வேண்டுமென்றால், புள்ளி வரிசை ஓடும் சாய்வுத் திசையிலேயே அளவுகோலை வைத்து ஒரு சென்டிமீட்டருக்குள் உள்ள புள்ளிகளை எண்ணி 2.54-ஆல் பெருக்குங்கள். 33 அல்லது 34 புள்ளி என்றால் 85 ஸ்கிரீன். கிடைக்கோட்டில் எண்ணினால் விடை தவறும்.

டோன் ஷீட் ஒட்டிய மூலப்படங்களை எப்படிப் பாதுகாப்பது?

முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். படலம் ஆண்டுகள் போகப்போகச் சுருங்கும், மெழுகுப் பசை மஞ்சளாகிக் கசியும், ஓரங்களில் கோட்டுக்கும் டின்ட்டுக்கும் இடையே வெள்ளை இடைவெளி விழும். சூட்டில் படலம் வழுக்கி நகரும். மாடியறை அலமாரி, கார் டிக்கி எதிலும் வைக்காதீர்கள். தட்டையாக, ஒவ்வொரு படத்துக்கும் இடையில் சிலிகான் பூசிய தாளோடு அடுக்குங்கள். சாதாரணத் தாள் பசையில் ஒட்டிக்கொள்ளும். கழன்ற துண்டைத் தூக்கி எறியாமல், எந்த இடத்தினது என்று குறித்து உறையில் போட்டு வையுங்கள். டபிள்டோன், டியோஷேடு அட்டைகளுக்கு வெளிச்சமே பகை. ரசாயனம் தடவாத பகுதியும் மெல்லப் பழுப்பேறும் என்பதால் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட நல்ல நகலைப் பயன்படுத்துங்கள்.